மரியாளின் பாட்டைப் பாடுவது யார்?

தமிழ்க் கிறித்தவர்கள் ‘மரியாளின் பாடல்’ என்று அறிந்த ‘மக்னிஃபிகாட்’ லூக்கா நற்செய்தியில் வருகிறது. கருவுற்ற ஒரு பெண், கருவுற்ற இன்னொரு பெண்ணின் வீட்டில் நின்று பாடியது. வலியோர் அரியணையிலிருந்து இறக்கப்படுவதையும் பசித்தவர்கள் நிறைவதையும் பேசுவது. 16ஆம் நூற்றாண்டில் பலெஸ்த்ரினா இதற்கு முப்பதுக்கும் மேற்பட்ட முறை இசையமைத்தார். ஆனால் போப்பின் ஆலயப் பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை. சபையில் பெண்கள் பேசக் கூடாது என்ற பவுலின் கட்டளை அதற்கு அரணாக நின்றது. மேல்தாயிக் குரலை ஆண்களே பொய்க்குரலில் பாடினார்கள்.

எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட், கிரகோரியன் பாடல்களையும் மறுமலர்ச்சிக் காலப் பல்குரலிசையையும் ஆண்டுக்கணக்கில் கற்று, 1976இல் தனக்கென ஒரு பாணியைக் கண்டடைந்தார். ஒரு குரல் படிப்படியாக நடக்கும். மற்றொன்று மூன்றே சுரங்களை மணிபோலத் தொட்டுக்கொண்டிருக்கும். 1989இல் அவர் எழுதிய ‘மக்னிஃபிகாட்’டில் தனித்த சோப்ரானோ குரல் ஒரே சுரத்தில் நின்று வரிகளைச் சொல்கிறது, ஏனைய குரல்கள் அதைச் சுற்றி அசைகின்றன. அந்த அசையாமையில் ஒரு பெண்ணின் உறுதியை நான் கேட்கிறேன்.

அதை முதலில் பாடிய பெர்லினின் ‘ஸ்டாட்ஸ் உண்ட் டோம்கோர்’, 1465இல் தோன்றிய மரபைச் சேர்ந்த, சிறுவரும் ஆண்களும் மட்டுமே பாடும் குழு. 2019இல் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அதில் சேரக் கேட்டு வழக்குத் தொடுத்தாள். சிறுவர் குழுவுக்குரிய ஒலியைக் காப்பது கலைச் சுதந்திரம் என்று கூறி நீதிமன்றம் குழுவின் பக்கம் நின்றது.

அந்த ஒலிக்கு மரபு சாட்சி என்றால், எந்த மரபு? பலெஸ்த்ரினா உயிரோடிருந்த 1593இல், ரஃபாயெல்லா அலெயோத்தி என்னும் கன்னியர் தம் இலத்தீன் திருப்பாடல்களை வெனிஸில் அச்சிட்டார். ஃபெராராவிலிருந்த அவரது சான் வீத்தோ மடத்தில் பெண்களே பாடினார்கள். ஆண்களின் கருவிகளாகக் கருதப்பட்ட டிராம்போனையும் கார்னெட்டையும் பெண்களே ஊதினார்கள். கேட்டவர்கள் வியந்து எழுதியும் வைத்தார்கள். இதுவும் மறுமலர்ச்சிக் கால இசைதான்.

இன்றைய திருச்சபை இசை பழமையிடம் திரும்பும்போது பெரும்பாலும் போப்பின் ஆலய வாசலில் நின்றுவிடுகிறது. மடத்துக் கம்பிச் சட்டத்தின் பின்னால் கேட்ட குரல்கள்வரை போவதில்லை. ‘தூய ஒலி’ என்று நாம் புகழும்போது, யாரை வெளியே நிறுத்தி அந்தத் தூய்மை உண்டாக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இசையை ரசிப்பதற்கு இந்தக் கேள்வி தடையல்ல. பேர்ட்டின் அந்த ஒற்றைச் சுரம் எனக்கு இப்போது முன்னைவிடக் கனமாகக் கேட்கிறது.