அசோகமித்திரன் காட்டும் ஹைதராபாத்

நாம் நாள்தோறும் நடக்கும் செகந்திராபாத் தெருக்களைத் தமிழிலக்கியத்தில் நிலைபெறச் செய்த புதினம் அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. 1931இல் இந்நகரில் பிறந்து இங்கேயே வளர்ந்த அவர், சென்னையில் குடியேறிப் பல ஆண்டுகள் கழிந்தபின், 1977இல் இதனை நூலாக வெளியிட்டார். பழைய ஊர் நினைவுகளுக்காக மட்டும் இதனைப் படித்து மகிழ்தல் போதாது. ஒரு நாட்டின் குடிமகனாவது எவ்வாறு என்னும் வினா இதனுள் பொதிந்துள்ளது.

வரலாறு நாம் அறிந்ததே. 1947இல் இந்தியா விடுதலை பெற்றபோது நிஜாம் இணைய மறுத்தார். ரஜாக்கர்களின் வன்முறை பெருகியது. 1948 செப்டம்பர் 13ஆம் நாள் இந்தியப் படை புகுந்தது. 17ஆம் நாள் நிஜாம் பணிந்தார்.

இக்கொந்தளிப்பின் நடுவே வளரும் சந்திரசேகரன் ஒரு ரயில்வே ஊழியரின் மகன். கிரிக்கெட் ஆர்வம் மிக்க கல்லூரி மாணவன். தமிழனாகிய அவன் ஆள்வோரையும் சேர்ந்தவன் அல்லன். மண்ணின் மைந்தனும் அல்லன். கதை ‘நான்’ என்றும் ‘சந்திரசேகரன்’ என்றும் மாறி மாறிச் செல்கிறது. ஊரோடு ஒன்றியும் ஒதுங்கியும் வாழும் குடியேறியின் நிலைக்கு இந்நடை மிகவும் பொருந்துகிறது.

புதினத்தின் உயிர் அதன் இறுதிக் காட்சியே. படை வென்றபின் கலவரம் மூள்கிறது. அஞ்சி ஓடி ஒரு வீட்டினுள் புகும் அவனைக் கண்டு அங்கு ஒளிந்திருக்கும் முஸ்லிம் குடும்பம் நடுங்குகிறது. தன்னவரைக் காக்க ஓர் இளம்பெண் தன்னையே அளிக்க முன்வருகிறாள். அவன் வெட்கி ஓடுகிறான். நேற்றுவரை அஞ்சியவன் இன்று பிறர் அஞ்சுவதற்குரியவன் ஆகிவிட்டான். வென்ற பக்கத்தவன் என்பதே அதற்குப் போதுமானதாயிற்று.

அந்நாளைய கொலைகளை ஆராய்ந்த சுந்தர்லால் குழு, 27,000 முதல் 40,000 பேர்வரை மாண்டிருக்கலாம் என மதிப்பிட்டது. அவ்வறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படாமலே கிடந்தது. அரசு பேசாதிருந்த காலத்தில் தமிழ்ப் புதினமொன்று பேசியது.

குறையும் உண்டு. கதை நகர இளைஞனின் பார்வைக்குள் அடங்கியது. ஆதலின், 1946இல் எழுந்த தெலங்கானா உழவர் போராட்டத்தின் ஆழத்தை இதில் காண இயலாது.

1952இல் ஹைதராபாத் மக்கள் முதன்முறை பொதுத் தேர்தலில் வாக்களித்தனர். எனினும் செப்டம்பர் 17இன் பொருள் குறித்த வழக்கு ஓயவில்லை. 2022இல் அதனை நடுவண் அரசு விடுதலை நாள் என்றும், மாநில அரசு ஒருமைப்பாட்டு நாள் என்றும் கொண்டாடின. பெயர் எதுவாயினும் ஆகுக. அன்று அவ்வீட்டில் நடுங்கியவர்களும் அந்நாளைத் தமதெனக் கொள்ள இயலுமா? மக்களாட்சியை அளக்க இவ்வினாவினும் சிறந்த கோல் இல்லை.