பழைய வால்வு பெருக்கியின் இனிமை எங்கே இருக்கிறது?

'டிரான்சிஸ்டர் ஒலி வறண்டது, வால்வு ஒலி இனியது' என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நானும் நெடுநாள் அதை நம்பியவன்தான். என் நண்பர் ஒருவர் வீட்டில் பழைய வால்வு பெருக்கி ஒன்று இருந்தது. ஆம்ப்ளிஃபையரைத்தான் சொல்கிறேன். அதில் நாதசுர இசைத்தட்டு ஒன்றைக் கேட்டு, அந்தக் குழைவில் மயங்கி, மறுநாள் வகுப்பிலும் அதைப் பற்றிப் பேசிவிட்டேன்.

பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து அளந்து பார்த்தோம். முன் நிலையையும் வெளியீட்டு நிலையையும் இணைக்கும் மின்தேக்கி கசிந்துகொண்டிருந்தது. அதனால் வெளியீட்டு வால்வின் கிரிட்டில், இருக்கக் கூடாத நேர் மின்னழுத்தம் சில வோல்ட் ஏறியிருந்தது. நாங்கள் ரசித்த குழைவில் ஒரு பங்கு பழுதின் குரல்! புதிய மின்தேக்கியைப் பற்றவைத்த பிறகு அதே இசைத்தட்டைப் போட்டோம். "நாதசுரம் நல்லாத் தெளிவாத்தான் இருக்கு. ஆனா என்னமோ போயிடுச்சு சார்" என்றார் நண்பர்.

அந்த 'என்னமோ' யாது? பெயர் பெற்ற ஒரு கருவியைக் கொண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் 1936-இல் தொடங்கிய நிறுவனம் 1953-இல் வெளியிட்ட 'குவாட் II' பெருக்கி, வால்வு ரசிகர்கள் இன்றும் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் கருவிகளுள் ஒன்று. முன் நிலையில் இரண்டு இஎஃப்86 வால்வுகள், வெளியீட்டில் இரண்டு கேடி66 வால்வுகள், மின்னோட்டத்தைத் திருத்த ஒரு ஜிஇசட்32. திறன் 15 வாட். ஸ்டீரியோ வேண்டுமானால் இரண்டு பெருக்கிகள் தேவை.

இதன் சிறப்பு வால்வுகளில் இல்லை, வெளியீட்டு மின்மாற்றியில் இருக்கிறது. முதன்மைச் சுருளின் ஒரு சிறு பகுதியை வால்வுகளின் எதிர்மின்வாய்ப் பக்கம் இணைத்திருக்கிறார் வாக்கர். வெளியீட்டின் ஒரு பங்கு அங்கேயே திரும்பி வந்து, எதிர்ப் பின்னூட்டமாகி, திரிபைக் குறைக்கிறது. மிகக் குறைந்த உறுப்புகளைக் கொண்டு இவ்வளவு வேலை வாங்கியதை எத்தனை பாராட்டினாலும் தகும்.

வால்வு இனிமைக்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், அது இரண்டாம் சீரிசையைச் சேர்க்கிறது என்பது. ஒற்றை வால்வு வெளியீட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். குவாட் II-வோ இரு வால்வுகள் மாறி மாறித் தள்ளியும் இழுத்தும் இயங்கும் புஷ்-புல் சுற்று. இரு பாதிகளும் சமமாக இருந்தால் இரட்டைப்படைச் சீரிசைகள் மின்மாற்றியில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே, நன்கு புதுப்பித்த குவாட் II-இல் 'இரண்டாம் சீரிசையின் தேன்' சொட்டுகிறது என்பவர், தம் கருவியின் சமநிலை கெட்டிருக்கிறது என்று தாமே சாட்சி சொல்கிறார்!

ஆயினும் ஒலி வேறுபாடு முழுதும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். இதே நிறுவனம் 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நிலைமின் ஸ்பீக்கரைக் கவனியுங்கள். மின்தேக்கியைப் போன்ற அமைப்பு அது. அதன் மின்எதிர்ப்பு தாழ்ந்த சுரங்களில் 30 ஓம் அளவில் இருந்து, மிக உயர்ந்த அதிர்வெண்களில் 2 ஓம் வரை இறங்கிவிடும். பெருக்கியின் வெளியீட்டு மின்தடை 1 ஓம் எனக் கொள்வோம். 30 ஓமில் மின்னழுத்தத்தில் 30/31 பங்கு ஸ்பீக்கரைச் சேர்கிறது. 2 ஓமிலோ 2/3 பங்கே சேர்கிறது. மூன்று டெசிபலுக்குச் சற்று மேல் குறைவு. உச்ச ஒலிகள் மென்மையாகின்றன. டிரான்சிஸ்டர் பெருக்கிகளில் இந்த மின்தடை பெரும்பாலும் மிகச் சிறியது. எனவே 'மென்மை' என்பதில் ஒரு பகுதி ஓம் விதிதான்.

1978-இல் ஜேம்ஸ் மோயர் நடத்திய சோதனை ஒன்று உண்டு. குவாட் II, அதே நிறுவனத்தின் டிரான்சிஸ்டர் பெருக்கிகளான 303, 405 ஆகிய மூன்றையும், எது இசைக்கிறது என்று சொல்லாமல் கேட்கச் செய்தார். கேட்டவர்களின் விடைகள் குருட்டாம்போக்கில் சொன்னவற்றைவிட மேலாக இல்லை. முடிவு அவ்வாண்டு ஜூலையில் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளிவந்தது. தயாரிப்பாளரே ஏற்பாடு செய்த சோதனை என்பதை மறக்க வேண்டாம்; அந்த அறைக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் உரிய முடிவு என்பதையும் மறக்க வேண்டாம். என்றாலும், பெயர்ப் பலகையைப் பார்த்த பிறகு வரும் இனிமையை நான் அன்றுபோல் இன்று நம்புவதில்லை.

குவாட் II-இல் குறையும் உண்டு. இரு கேடி66 வால்வுகளுக்கும் சேர்த்து எதிர்மின்வாயில் ஒரே 180 ஓம் மின்தடை. அதில் சுமார் 26 வோல்ட் விழுகிறது, கணக்கிட்டால் 3.7 வாட்டுக்கு மேல் வெப்பம்! ஒரு வால்வு தளர்ந்தால் அதைத் தனியே சரிசெய்ய வழியில்லை. இரு பாதிகளின் நேர்மின்னோட்டமும் சமமில்லாமல் போய், மின்மாற்றியின் உள்ளகம் ஒருபக்கம் காந்தமாகி, தாழ்சுரங்கள் கெடுகின்றன. சிக்கனத்துக்குக் கொடுத்த விலை இது.

எனவே புதுப்பிக்கிறவர்கள் அந்த மின்தடையை, அதே 180 ஓமில், கூடுதல் வாட் தாங்குவதாக மாற்றட்டும். அதனோடு உள்ள மின்பகு மின்தேக்கியையும், கசியும் இணைப்பு மின்தேக்கிகளையும், மதிப்பு ஏறிப்போன கார்பன் மின்தடைகளையும் மாற்றட்டும். அதற்கு மேல் கை வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வடிகட்டும் மின்தேக்கியைப் பல மடங்கு பெரிதாக்கிப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அப்போது மின்னேற்றத் துடிப்புகள் குறுகி உயர்கின்றன. பாவம், ஜிஇசட்32 அல்லவா அதைச் சுமக்க வேண்டும்! 'தேன் குரல்' மின்தேக்கிகளுக்குக் கொட்டும் பணத்தில் நல்ல மல்டிமீட்டர் ஒன்று வாங்கலாம்.

மாணவர்களுக்கு ஒன்று. இப்பெருக்கியின் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கும். தக்க மின்தடை வழியாக அதை வடியவிட்டு, மீட்டரில் சுழி காட்டிய பிறகே தொடுங்கள். நிலைமின் ஸ்பீக்கரின் தாழ்சுரப் பலகைகளிலோ 6,000 வோல்ட். அதை நானே இன்னும் திறந்ததில்லை.