யாருக்கோ எழுதிய புத்தகங்கள்

புதிதாகச் சிந்திப்பது எப்படி என்று சொல்லித்தரும் நூல்களுக்கு ஏறத்தாழ நூறு வயது. 1926இல் கிரஹாம் வாலஸ் எழுதிய ‘சிந்தனைக் கலை’யிலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸும் பிரெஞ்சுக் கணிதர் புவான்காரேயும் தங்களுக்கு யோசனைகள் உதித்த விதத்தைப் பதிவுசெய்திருந்தார்கள். அவற்றைக் கொண்டு வாலஸ் நான்கு படிகளை வகுத்தார்: ஆயத்தம், அடைகாத்தல், பளிச்சிடல், சரிபார்த்தல். பின்னால் வந்த பல நூல்கள் இந்த நான்குக்கும் வேறு பெயர் சூட்டிப் புத்தம்புதிது என்று விற்றவைதான். விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அமெரிக்க விளம்பரக்காரர் ஜேம்ஸ் வெப் யங் 1940இல் வெளியிட்ட கைக்கடக்கமான புத்தகம். ஒரே மூச்சில் படித்துவிடலாம். பழையவற்றைப் புதிதாகச் சேர்ப்பதே யோசனை. ஆகவே முதலில் பழையதைச் சலிக்காமல் சேகரி என்கிறார். வாசகனைப் புகழ்ந்து குளிர்விப்பதில்லை, வேலைக்கு அனுப்புகிறார்.

இந்த அலமாரியில் அதிக செல்வாக்குப் பெற்றவர் இன்னொரு விளம்பரக்காரர், அலெக்ஸ் ஆஸ்போர்ன். நான்கு பேர் உட்கார்ந்து, குறை சொல்லாமல், தோன்றியதையெல்லாம் கொட்டும் ‘பிரெயின்ஸ்டார்மிங்’ அவர் பரப்பியது. குழுவாக உட்கார்ந்தால் தனியாக யோசிப்பதைப்போல இரு மடங்கு யோசனைகள் வரும் என்று 1953இல் வெளிவந்த நூலில் உறுதி கூறினார். ஐந்தே ஆண்டுகளில், 1958இல், யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியல்களைச் சேர்த்து, திரும்ப வந்தவற்றை அடித்துவிட்டு எண்ணிப் பார்த்தால், கூடி உட்கார்ந்த நால்வரைவிட ஏறத்தாழ இரு மடங்கு வந்தது. ஆஸ்போர்ன் சொன்ன அதே இரு மடங்கு, எதிர்த்திசையில்! 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் காரணத்தையும் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அந்தக் காத்திருப்பில் யோசனை அறுந்துபோகிறது. அலுவலகங்களில் வெள்ளைப் பலகையும் மார்க்கரும் இன்னும் இடம்விட்டு நகரவில்லை.

எட்வர்ட் டி போனோவின் ஆறு தொப்பிகள் (1985), ஜூலியா கேமரன் விதிக்கும் தினசரி மூன்று காலைப் பக்கங்கள் (1992) எல்லாம் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் எழுதும் பழக்கத்தை உண்டாக்கவும் உதவலாம். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்ப்பது அதிகம்.

ஒரு புத்தகம் ஒருவரிடமிருந்து உண்மையாகவே புதியது ஒன்றைக் கிளப்பியதற்குச் சான்றுள்ள நிகழ்வுகள் வரலாற்றில் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போனால் கிடைப்பது வேறோர் அலமாரி. அங்குள்ள நூல்கள் எவையும் படைப்பூக்கத்தைப் பற்றியவை அல்ல. பெரும்பாலும் அந்த வாசகருக்காக எழுதப்பட்டவையும் அல்ல.

அவற்றில் முதலிடம் ஜி. எஸ். காருக்கு. அவர் மாணவர்களைக் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்குத் தயார்செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். 1880களில் அவர் வெளியிட்ட தொகுப்பு நம் ஊர் மாணவர் பேச்சில் சொன்னால் ஒரு ‘கைடு’. சூத்திரங்களுக்கு இட்ட எண்கள் ஆறாயிரத்தைத் தாண்டுகின்றன. நிரூபணம் என்று இருப்பதோ, பெரும்பாலும் இன்ன எண்ணைப் பார்க்க என்ற குறிப்பு மட்டும். தேர்வுக்கு முன் புரட்டிப் பார்க்கும் இங்கிலாந்து மாணவனுக்கு அது போதும். அந்தப் புத்தகம் 1903 வாக்கில் கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்த ராமானுஜனிடம் வந்து சேர்ந்தது. விடுபட்ட ஒவ்வொன்றும் அவருக்குக் கணக்காயிற்று. போட்டுக்கொண்டே போனவர் காரைத் தாண்டிப் போனார். பின்னாளில் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணிதர் ஹார்டி, காரின் நூலைப் பெரிய நூலாக ஒருபோதும் மதித்ததில்லை. அது சிறந்த பாடநூலாக, ஒவ்வொரு படியையும் விளக்கியதாக இருந்திருந்தால் அந்தச் சிறுவனுக்குச் செய்ய என்ன மிச்சம் இருந்திருக்கும்?

கூடவே விலையும் இருந்தது. ராமானுஜன் மற்ற பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று, எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. காரின் பாணியும் அவரிடம் தொற்றிக்கொண்டது. சிலேட்டில் போட்டுப் பார்த்து அழித்துவிட்டு முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். அந்த முடிவுகளுக்கு நிரூபணம் தேடி புரூஸ் பெர்ன்ட் பதிப்பித்த ஐந்து தொகுதிகள் வெளிவர 1985 முதல் 1998 வரை ஆயிற்று. விடுபட்டவற்றால் வளர்ந்தவர், அடுத்த தலைமுறைக்கு விடுபட்டவற்றையே விட்டுச்சென்றார். ஹங்கேரியக் கணிதர் ஜார்ஜ் போல்யா 1925இல் ஹார்டியிடம் அந்த நோட்டுப் பிரதிகளை இரவல் வாங்கிப் போய், சில நாளில் பதறியடித்துத் திருப்பிக் கொடுத்தார் என்று கணித உலகில் ஒரு கதை உண்டு. கையில் வைத்திருந்தால் ஆயுள் முழுக்க இவற்றை நிரூபிப்பதிலேயே கழிந்துவிடும், சொந்தமாக எதுவும் கண்டுபிடிக்க முடியாது என்று அஞ்சினாராம்.

அதே போல்யா 1945இல் எழுதிய ‘தீர்வு காண்பது எப்படி’ பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கேள்விகளால் ஆன புத்தகம் அது: தெரியாதது எது? இதேபோன்ற கணக்கை முன்பு போட்டதுண்டா? கொஞ்சம் எளிதாக்கிப் பார்க்கலாமா? கணித மாணவருக்கும் ஆசிரியருக்கும் எழுதியதுதான். ஆனால் ஸ்டான்ஃபோர்டில் போல்யாவிடம் படித்த ஆலன் நியூவெல், நண்பர்களோடு சேர்ந்து 1956இல் தேற்றங்களை நிரூபிக்கும் கணினி நிரலை உருவாக்கினார். செயற்கை நுண்ணறிவின் தொடக்கங்களில் அது ஒன்று.

மைக்கேல் ஃபாரடே லண்டனில் புத்தகம் தைக்கும் கடையில் தொழில் பழகிய பையன். பைண்டிங்குக்கு வந்தவற்றில் ஜேன் மார்செட் எழுதிய ‘வேதியியல் உரையாடல்கள்’ (1806) இருந்தது. ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் பேசிக்கொள்ளும் நூல், குறிப்பாகப் பெண்களுக்காக எழுதப்பட்டது. கையிலிருந்த சில்லறைக்கு எட்டிய பொருள்களை வாங்கி, அதில் சொல்லியிருந்தவை சரிதானா என்று தானே செய்து பார்த்ததையும், அவை சரியாக இருந்தபோது பற்றிக்கொள்ள ஒரு நங்கூரம் கிடைத்ததுபோல் இருந்ததையும் முதுமையில் ஃபாரடே நன்றியோடு எழுதினார். பிற்காலத்தில் மின்காந்தத் தூண்டலைக் கண்டபோதும் அவர் கை இதே பழக்கத்தில்தான் இருந்தது.

துறை தாண்டிப் படிப்பதற்குப் பொருளியலாளர் மால்தஸின் நூலைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. 1798இல் அவர் எழுதியது மக்கள்தொகையும் வறுமையும் பற்றி. 1838இல் டார்வின் அதைப் பொழுதுபோக்காகக் கையில் எடுத்தார். இனங்கள் மாறும் வழி பிடிபட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1858இல், கிழக்கிந்தியத் தீவுகளில் காய்ச்சலில் கிடந்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸுக்கு (இவர் வேறு வாலஸ்) முன்பு எப்போதோ படித்த அதே நூல் நினைவுக்கு வந்தது. அதே முடிவுக்கு வந்தார். மால்தஸின் வாசகர்கள் எத்தனையோ பேர். வண்டுகளையும் பறவைகளையும் பல்லாண்டு சேகரித்திருந்த இந்த இருவருக்குத்தான் அது வேறு மாதிரி தெரிந்தது. யங் சொன்ன சேகரிப்பு இதுதான்.

நம் காலத்துக்கு அருகில் கிறிஸ்டஃபர் அலெக்சாண்டரும் நண்பர்களும் 1977இல் வெளியிட்ட கட்டடக்கலை நூல் இருக்கிறது. ஊர் அமைப்பு முதல் சன்னல் ஓர இருக்கை வரை 253 ‘வடிவங்கள்’ (பேட்டர்ன்கள்). ஒவ்வொரு அறைக்கும் இரு பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும். ஆறடிக்குக் குறைந்த அகலமுள்ள பால்கனியை யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை. வீடு கட்டிக்கொள்ளும் சாமானியர் கையில் இது இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கட்டடக் கலைஞர்களில் பலர் அலட்சியமாகவே இருந்தார்கள். மென்பொருள்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். வார்ட் கன்னிங்காமும் கென்ட் பெக்கும் 1987இல் திரை வடிவமைப்புக்கு இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். 1994இல் நால்வர் எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நிரலாளர்களின் அன்றாடப் பேச்சுக்குச் சொற்களைத் தந்தது. இத்தகைய வடிவங்களைப் பலரும் கூடி எழுதிச் சேர்க்க 1995இல் கன்னிங்காம் செய்த வலைத்தளம்தான் உலகின் முதல் விக்கி. அங்கிருந்து 2001இல் விக்கிப்பீடியா.

1996இல் மென்பொருள் மாநாடு ஒன்றுக்கு அலெக்சாண்டரைப் பேச அழைத்தார்கள். தன் புத்தகம் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவருக்கே வியப்பு. மனிதர் வாழ்வு நன்றாக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வடிவங்களைத் தேடினோம் என்றார். உங்கள் நிரல்கள் அதைச் செய்கின்றனவா என்று மேடையிலிருந்தே கேட்டார்.