மணைப்பலகையும் ஹெட்லெஸ் கிட்டாரும்

பகல் முழுக்க கீபோர்டு, ராத்திரி நெய்வேலி வீட்டில் ஜாஸ் பயிற்சி. வலது தோள்பட்டையும் இடது மணிக்கட்டும் சேர்ந்து மக்கர் பண்ணவே, எர்கனாமிக் கிட்டார் தேட ஆரம்பிச்சேன்.

ஜாஸ் என்றாலே எல்லாரும் கைகாட்டுவது கிப்சன் இஎஸ்-175. 1949-இல் வந்தது; ஜோ பாஸ் வாசித்தது. தொனி அருமைதான். ஆனால் உடல் 16 அங்குல அகலம், 3 அங்குலத்துக்கு மேல் தடிமன். அந்தப் பெட்டி மேல் கையைப் போட்டால் தோள் தானாக ஏறிடும்.

எதிர்முனையில் ஹெட்லெஸ் வகை. சின்ன உடல், தலை இல்லாததால் கழுத்துப் பக்கம் சாயாது. ‘இதெல்லாம் ஜாஸுக்கு ஆகாது’ என்பது வெறும் பழக்கதோஷம். ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் ஸ்டைன்பெர்கரிலும், பில் ஃப்ரிசெல் கிளைன் கிட்டாரிலும் வாசித்தவர்கள்.

சரி, மணிக்கட்டு? அங்கேதான் விளம்பரங்கள் மழுப்புகின்றன. அகலமான ஜாஸ் கார்டுகளில் மணிக்கட்டு மடங்குவது பெரும்பாலும் கிட்டாரின் கழுத்து கிடைமட்டமாகக் கிடப்பதால். சென்னை ஐஐடியில் கப்பல் வடிவமைப்பும் பெர்க்லியில் இசையும் படித்த பிரசன்னா, கர்நாடகக் கச்சேரியில் சம்மணமிட்டு கிட்டார் வாசிக்கிறார், ஜாஸும் வாசிக்கிறார். உட்காரும் விதமும் வாத்தியத்தின் ஒரு பாகம்தான் என்று அவரைப் பார்த்துத்தான் உறைத்தது.

இடது காலுக்கு அடியில் மணைப்பலகை போட்டு, கழுத்தை உயர்த்திப் பிடித்தேன். மணிக்கட்டு நிமிர்ந்தது. செலவு பூஜ்யம். தோள் மட்டும் அப்படியே. அதற்கு மெல்லிய உடல்தான் மருந்து.

ஆகவே என் முடிவு: மணிக்கட்டுக்காகப் புதுசு வாங்காதீங்க, தோளுக்காக வாங்கலாம். கடையில் தொனி கேட்கும் முன், 20 நிமிஷம் உட்கார்ந்து வாசிச்சுப் பாருங்க.