கருவிக்கு முன் பாடம்

வகுப்பறைக்குத் திறன்பலகையும் கணினியும் வந்துவிட்டால் கல்வி தானே சிறக்கும் என்பர் ஒரு சாரார். அவை புகின் ஆசிரியரின் மதிப்புக் குன்றும் என்பர் மற்றொரு சாரார். முரண்பட்டன போலத் தோன்றும் இவ்விரு கூற்றும் ஒரு பிழையில் ஒன்றுபடுகின்றன. பாடத்தை நடத்துவது கருவியே என இரண்டும் கொள்கின்றன. கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறப் பாடசாலைகளையும் கருத்திற்கொண்டு இக்கொள்கையை ஆராய்தல் தகும்.

பாடஞ் சொல்லும் முறையினை 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் வகுத்துள்ளார். காலத்தையும் இடத்தையும் ஆராய்தல், சொல்லவேண்டியதை முன்னரே மனத்திற் பதித்தல், மாணாக்கர் அதனை ஏற்கும் வகையை உணர்தல் என்பன அவர் ஆசிரியரிடம் வேண்டுவனவற்றுட் சில. ஓலையும் எழுத்தாணியும் வழங்கிய காலத்து நூலாயினும், புதிய கருவியை ஏற்க முனையும் ஆசிரியருக்கு இம்மூன்றும் இன்றும் உரைகல்லாகும்.

இதற்குச் சான்றாக நிற்பவர், நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதிய ஆறுமுக நாவலர் (1822–1879). 1848 இல் வண்ணார்பண்ணையில் அவர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கற்பிக்கத் தொடங்கியபின் நூல்களின் தேவை புலப்பட்டது. 1849 இல் சென்னை சென்று அச்சியந்திரம் பெற்று வந்தார். சிறுவரின் பருவத்திற்கேற்பப் பாலபாடங்கள் பின்னர் எழுந்தன. பள்ளி முன்னது, பொறி பின்னது. யந்திரம் கிடைத்ததே என்று அதற்குத் தீனி தேடியவரல்லர் அவர். பாடத்திற்கு வேண்டியதாதலின் யந்திரத்தைத் தேடியவர்.

இவ்வொழுங்கு கண்டியில் எவ்வாறு பொருந்தும் என்பதனை இரண்டு எடுத்துக்காட்டுக்களாற் காணலாம். 335 கிலோமீற்றர் நீளமுடைய மகாவலி கங்கை பேராதனையைக் கடந்து, கண்டியைச் சுற்றிப் பொல்கொல்லையை அடைகின்றது. 1976 இல் இயங்கத் தொடங்கிய அணை அங்கே நீரைத் திருப்புகின்றது. திருப்பப்பட்ட நீர் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நிலத்தடிச் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்னிலையத்தை அடைந்து, பின் வடபால் உலர் வலயத்தை நோக்கிச் செல்கின்றது. ஆற்றையும் அணையையும் மாணவர் நேரிற் காணலாம். அவற்றுக்குத் திரைப்படம் வேண்டுவதில்லை. சுரங்கமோ கண்ணுக்குப் புலப்படாதது. அங்கே அசையும் படம் செய்யும் உதவியை வெண்கட்டியாற் செய்தல் அரிது.

தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரையில் 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலையே இம்மலைகளின் வரலாற்றை மாற்றியது. கொழுந்தின் நிறமும் மணமும் தோட்டத்துச் சிறுவனுக்கு ஆசிரியரினும் நன்கு தெரியும். வாடிய கொழுந்தை உருட்டுகையில் அதன் உயிரணுக்கள் சிதைந்து, உட்சாறு காற்றோடு கலந்து நிறம் மாறுவதே அவன் காணாதது. அவன் அறிந்ததிலிருந்து அறியாததற்குக் கருவி பாலமாதல் வேண்டும்.

தோட்டச் சிறாருக்கும் நகரச் சிறாருக்கும் இடையிலுள்ள வேற்றுமையைக் கருவி போக்குமே எனின், கருவி மட்டும் அதனைப் போக்காது. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் 1970களிலேயே அரசின் பொறுப்பில் வந்தன. பிந்தி வந்த குறை இன்னும் முற்றத் தீரவில்லை. 2020 மார்ச்சில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் கைப்பேசிக்கு மாறியது. கைப்பேசி இல்லாத வீட்டுக்கும், அலைத்தொடர்பு எட்டாத லயத்துக்கும் அப்பாடம் சென்றடையவில்லை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை நீண்டது. காலமும் இடமும் ஆராயாத ஆயத்தம் வேற்றுமையைக் குறைப்பதற்கு மாறாகப் பெருக்கிவிடும்.

ஆதலின் ஆசிரியரின் ஆயத்தம் பாடக்குறிப்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும். மாணவர் எதனை அறியவேண்டும், அவர்க்கு இடர்ப்பாடு எங்குள்ளது என்பவற்றை முதலில் துணிதல் வேண்டும். அவ்விடர்ப்பாட்டைக் கருவி நீக்குமாயின் அதனைக் கொள்ளலாம். இன்றேல் கரும்பலகையே அமையும். தமிழில் ஆக்கிய குறிப்பைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வைத்தால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குறிகளாகவே தோன்றும். ஒருங்குறியில் அமைத்து, வகுப்புக்கு முன் அக்கணினியிலேயே பார்த்துக்கொள்ளல் நன்று. மின்சாரம் நின்றாலும் பாடம் நில்லாதவாறு மாற்று வழியொன்றும் கைவசம் இருத்தல் இன்றியமையாதது.

திரையை அணைத்தபின் மாணவன் தன் சொல்லால் அப்பொருளை விளக்குவானாயின் கருவி பயன்பட்டதாகும். விளக்கமாட்டானாயின் அது வெறுங் காட்சியே. கருவியின் விலையும் எண்ணிக்கையும் கொண்டு பாடசாலையை மதிப்பிடுவோர் இவ்வளவையாலும் அதனை மதிப்பிடுவராயின், மலைநாட்டுச் சிறார்க்கு நன்மை விளையும்.