அந்த ஒன்றை ஏன் கழிக்கிறோம்?

தமிழ்நாட்டுப் பாடநூலின் பத்தாம் வகுப்புக் கணக்கில் 'எண்களும் தொடர்வரிசைகளும்' என்று ஒரு பாடம் உண்டு. கூட்டுத் தொடர்வரிசை அங்கேதான் வருகிறது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சில வருஷமாக இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதனால் இந்தப் பாடத்தின் மேல் எனக்கு ஒரு பாராட்டும் ஒரு குறையும் உண்டு.

பாராட்டு முதலில். பாடம் தீக்குச்சியில் தொடங்குகிறது. ஒரு முக்கோணத்துக்கு 3 குச்சி; ஒட்டினாற்போல் இன்னொன்று செய்தால் 5; அப்புறம் 7, 9. ஒவ்வொரு தடவையும் 2 கூடுகிறது. குச்சியைக் கையில் கொடுத்துவிட்டால் 'பொது வித்தியாசம்' என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

குறை அதற்கு அப்புறம். சூத்திரம் வந்ததும் குச்சிகள் ஓரம் போய்விடுகின்றன. முதல் உறுப்போடு, வரிசை எண்ணில் ஒன்றைக் கழித்துப் பொது வித்தியாசத்தால் பெருக்கிக் கூட்டு, அவ்வளவுதான். பயிற்சிகள் பெரும்பாலும் இதில் எண்களைப் போட்டு விடை எடுக்கும் வேலை. அந்த ஒன்றை ஏன் கழிக்கிறோம்? பிள்ளைகளைக் கேட்டால் "ஃபார்முலாவே அப்படித்தான் சார்" என்கிறார்கள்.

இதன் விளைவைப் புத்தகத்தில் உள்ள திரையரங்குக் கணக்கிலேயே பார்க்கலாம். முதல் வரிசையில் 20 இருக்கை, மொத்தம் 30 வரிசை, ஒவ்வொன்றிலும் முந்தையதைவிட 2 அதிகம். கடைசி வரிசையில் எத்தனை? சூத்திரம் மறந்த பிள்ளை 80 என்கிறது. சரியான விடை 78. 30 வரிசைக்கு நடுவே 29 தாவல்தானே!

நம்ம ஊர் ரயிலை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம். நிலையம் 6, இடைவெளி 5. திண்டிவனத்தில் நிற்கும்போது இன்னும் ஒரு இடைவெளியும் கடக்கவில்லை. கழிக்கிற ஒன்று அதுதான். இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்குச் சூத்திரம் மறந்தாலும் கவலையில்லை.

இன்னொரு விஷயம். விதி ஒன்றாக இருந்தாலும் அதைப் பார்க்கும் வழி ஒன்றல்ல. திண்டிவனத்துப் பெண் ஒருத்தி குச்சிக் கணக்கை வேறு மாதிரி பார்த்தாள். இடது ஓரத்தில் ஒரு குச்சி முதலிலேயே நிற்கிறது. அப்புறம் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் 2 குச்சி. ஆக, முக்கோண எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு. 10 முக்கோணத்துக்கு 21. சூத்திரப்படி போட்டாலும் 3 + 9 × 2 = 21. ஆனால் வகுப்புத் தேர்வில் "சூத்திரம் எழுதவில்லை" என்று அவளுக்கு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். அதற்கப்புறம் அவள் குச்சியைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சூத்திரத்தை மட்டும் எழுதுகிறாள். இழப்பு என்று நான் சொல்வது இதைத்தான். போன மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. கி.பி. 499-ஐ ஒட்டி எழுந்த ஆரியபடீயத்தில்கூட இத்தகைய தொடரின் கூடுதலுக்கு ஆரியபட்டர் இரண்டு வழி தருகிறார்: சராசரியை உறுப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கலாம், இல்லாவிட்டால் முதலையும் கடைசியையும் கூட்டி, எண்ணிக்கையில் பாதியால் பெருக்கலாம்.

இதே பழக்கம் பின்னாளில் டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி வரை தொடர்கிறது. 2, 4, 6, 8, அடுத்தது என்ன? எல்லாரும் 10 என்பார்கள். கூட்டுத் தொடர்வரிசை என்று சொல்லியிருந்தால் 10தான். சொல்லாவிட்டால் 34-ம் வரலாம். வரிசை எண்ணின் இரு மடங்கோடு, அதே வரிசை எண்ணிலிருந்து 1, 2, 3, 4 ஆகியவற்றைத் தனித்தனியே கழித்து வரும் நான்கு எண்களின் பெருக்கலைக் கூட்டிப் பாருங்கள். முதல் நான்கு இடத்திலும் அந்தப் பெருக்கல் பூஜ்யம். ஐந்தாம் இடத்தில் 24. ஆக 10 + 24 = 34. நாலு எண்ணைக் காட்டிவிட்டால் விதி தானாக வந்துவிடாது. அந்த எண்கள் எப்படி உருவாகின்றன என்பதும் தெரிய வேண்டும். குச்சி அதைக் காட்டியது.

சூத்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியில் ஒரு கணக்காவது "இந்த விதியை இரண்டு வழியில் கண்டுபிடி, இரண்டும் ஏன் ஒன்று என்று சொல்" எனக் கேட்கட்டும். அப்படி யோசித்து எழுதுகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.