விளிம்பில் எழுதிய ஜாதகம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில், நீராவிக் குழாயின் இரண்டு பிளாஞ்சுகளுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் ஸ்பைரல் வூண்ட் கேஸ்கெட்டின் விளிம்பு மட்டுமே கண்ணில் படும். அதன் ஜாதகமே அங்கேதான்: விளிம்பு நிறம் மஞ்சள் என்றால் 304 ஸ்டீல், பச்சை என்றால் 316, சாம்பல் கோடு கிராஃபைட், வெள்ளைக் கோடு டெஃப்லான்.

உள்ளே, வி வடிவில் மடித்த மெல்லிய ஸ்டீல் நாடாவும் கிராஃபைட்டும் மாறி மாறிச் சுற்றியிருக்கும். 4.5 மில்லிமீட்டர் கனம், போல்ட் இறுக இறுக ஏறக்குறைய 3.2 ஆக அமுங்கும். சூட்டில் பிளாஞ்சு சற்றே நெகிழ்ந்தாலும் ஸ்பிரிங் போல எழும்பி இடைவெளியை அடைக்கும். பிளாஞ்சின் முகத்தில் வேண்டுமென்றே கடைந்த நுண்வரிகளை கிராஃபைட் நிரப்பிக்கொள்ளும்.

இவ்வளவு சாமர்த்தியமும் எதிரெதிர் போல்ட்டுகளாகப் படிப்படியாக முறுக்கும் பிட்டரின் பொறுமையை நம்பியே இருக்கிறது. கழற்றிய கேஸ்கெட்டை அவர் மறுபடி போடமாட்டார். அமுங்கிய சுருளுக்குப் பழைய துள்ளல் திரும்பாது.